"சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்லும் மகனிடம் என்ன பேசுவது?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எனக்கு 9, 6 வயதில் இரண்டு மகன்கள். பெரியவன் உடன் படிக்கும் பெண்ணின் ஜடையைப் பிடித்து இழுப்பதாக ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். கேட்டால் "சும்மா விளையாட்டுக்கு" என்கிறான். கிரிக்கெட்டில் பந்தை விட்ட தம்பியை "பொம்பளப் பிள்ளை மாதிரி ஆடுற" என்று கிண்டல் செய்கிறான். எங்களோடு இருக்கும் என் அம்மாவோ, "ஆம்பளப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்கிறார். பெண்களை மதிக்க இவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: முதலில் ஜடை விஷயம். அதை ஆறப்போடாதீர்கள். இன்று சாயங்காலமே அவனைத் தனியாக உட்காரவைத்து, "அந்தப் பிள்ளை நிறுத்துன்னு சொன்னாளா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "சொன்னா" என்றுதான் பதில் வரும். "அப்போ அது விளையாட்டு இல்லை. விளையாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும்" என்று சொல்லுங்கள், போதும். நீண்ட பிரசங்கம் வேண்டாம், அடியும் வேண்டாம். பிள்ளையைக் கண்டிக்க அடிக்கலாம் என்று பெற்றோருக்கு இந்நாட்டில் இருந்த சட்டப் பாதுகாப்பை 2019-இல் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பலம் உள்ளவன் பலம் இல்லாதவரை அடக்கலாம் என்பதைத்தான் அந்த அடி அவனுக்குக் கற்றுத்தரும்.

அவளிடம் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் வகுப்பு முன்னால் நிறுத்திவைத்து அல்ல. "உன் ஜடையை இழுத்தது தப்பு, இனிமேல் செய்ய மாட்டேன்" என்று நேராகச் சொன்னால் சரி. அவள் பதில் பேசாமல் போனாலும் அது அவள் இஷ்டம் என்று முன்பே சொல்லி அனுப்புங்கள். "உனக்கு அவளைப் பிடிக்குமோ?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேலி செய்தால் உடனே நிறுத்துங்கள். தொல்லை கொடுப்பதும் பிரியம்தான் என்ற எண்ணம் அங்கிருந்துதான் முளைக்கிறது.

"வேண்டாம்" என்ற சொல்லுக்கு வீட்டிலேயே மதிப்பு இருக்க வேண்டும். சின்னவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டும்போது அவன் "போதும்" என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரும் அத்தைக்கு முத்தம் கொடுக்க அவனுக்கு இஷ்டமில்லையா? கைகூப்பி வணக்கம் சொல்லட்டும். தன் மறுப்பை மற்றவர்கள் மதிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, இன்னொருவர் மறுப்பை மதிப்பது எளிது.

நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "எல்லாப் பெண்களையும் அக்கா தங்கச்சி மாதிரி நினை." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெண் அவனுக்கு யாருமே இல்லை என்றாலும், அவனை வகுப்பில் முந்தினாலும், அவனோடு சண்டையே போட்டாலும், அவளுக்குரிய மரியாதை குறையக் கூடாது. தெய்வம் என்று கும்பிட வேண்டாம், பாதுகாக்கிறேன் என்று முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கப் பழக்குங்கள்.

இனி உங்கள் பங்கு. சாப்பாட்டு நேரத்தில் யார் உட்காருகிறார்கள், யார் நின்று பரிமாறுகிறார்கள், கடைசியில் மிஞ்சியதை யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய்க் கழுவுங்கள், அவர்களும் பின்னால் வருவார்கள். பெரியவன் பாட்டிக்கும் அம்மாவுக்கும் சோறு போடட்டும், சின்னவன் தண்ணீர் வைக்கட்டும். இதற்காக "அம்மாவுக்கு உதவி செய்தாயே, கெட்டிக்காரன்!" என்று தலையில் தூக்கிவைக்காதீர்கள். அவனும் சாப்பிடுகிற வீடு, அவனுக்கும் வேலை உண்டு. மனைவி ஒரு கருத்துச் சொல்லும்போது "உனக்கு என்ன தெரியும்?" என்று ஒருமுறை உங்கள் வாயில் வந்தால், மேலே சொன்ன அத்தனையும் வீண்.

உங்கள் அம்மாவிடம் வாதாடாதீர்கள். பேரன்களிடம் அவருடைய கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் டர்பன் துணி ஆலைகளில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து, சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த பஸ் பிடித்தார், கூலி எவ்வளவு என்று பையன்களே கேட்கட்டும். தன் உழைப்பைப் பேரன் வாய்பிளந்து கேட்கும்போது, "ஆம்பளப் பிள்ளை" பேச்சு தானாகக் குறையும்.

"பொம்பளப் பிள்ளை மாதிரி" என்ற கிண்டலுக்கும் கதைதான் மருந்து. தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை உங்கள் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், படத்தையும் பார்த்திருப்பார்கள். அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தக் காலம் முடிந்தும் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி இருந்தது. 1913 மார்ச்சில் ஒரு தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. இந்த இரண்டையும் எதிர்த்து அந்த ஆண்டு பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, எல்லையைத் தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வந்து தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள் அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டுத்தான் கருவியைக் கீழே வைத்தார்கள். பெண்களுக்கு மாரிட்ஸ்பர்க் சிறை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை அங்கிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தாள். சிறை சென்றதற்கு வருத்தமா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றாள். அதே ஆண்டு வரி ஒழிந்தது, திருமணங்களும் செல்லுபடியாயின.

இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லாதீர்கள். பெண்ணின் வலிமை என்றாலே பொறுத்துப் போவது என்று பையன்கள் புரிந்துகொண்டால், நாளை தன் மனைவியும் பொறுத்துப் போக வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அந்தப் பெண்கள் தாங்களே முடிவெடுத்தார்கள், முன்னால் நடந்தார்கள். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1936-இல் திரும்பிய டர்பன்காரர் டாக்டர் குணம் என்ற பெண்மணியைப் பற்றியும் சொல்லுங்கள். இந்நாட்டின் முதல் இந்தியப் பெண் மருத்துவர், இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து 1946-இல் நடந்த போராட்டத்தில் சிறைக்கும் போனவர். ஆகஸ்ட் 9 பெண்கள் தின விடுமுறையில், 1956-இல் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியா அரசு மாளிகை முன் ஏன் கூடினார்கள் என்று மகனையே தேடிப் படித்துச் சொல்லச் சொல்லலாம்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியையிடம் விசாரியுங்கள். இழுப்பதும் கிண்டலும் நிற்கவில்லை என்றால், அவனை வேறு யாராவது பள்ளியிலோ வெளியிலோ அப்படி நடத்துகிறார்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உதவி தேவைப்பட்டால் சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி அமைப்பை 116 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், பெற்றோரும் பேசலாம்.