அமெரிக்காவில் கீழ் நீதிமன்றத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றம் வரை போகலாமா?

"அமெரிக்காவில் கீழ் நீதிமன்றத்தில் தோற்றவர் படிப்படியாக மேலே போய், கடைசியில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தை அடைந்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான வழக்குகளுக்கு அந்த வழியே கிடையாது.

அங்கே நீதிமன்றங்கள் இரண்டு தனி வரிசைகள். 50 மாநிலங்களும் தத்தம் நீதிமன்றங்களை நடத்துகின்றன. கொலை, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு, உயில் என்று மக்கள் அன்றாடம் சந்திக்கும் வழக்குகளில் பெரும்பகுதி அங்கேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. கூட்டாட்சி அரசின் வரிசை வேறு: 94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். செய்தி படிக்கும்போது பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது விசாரணை நீதிமன்றம்தான்.

இந்த இரண்டு வரிசைகளும் எங்கே சந்திக்கின்றன என்பது எனக்குப் புரிந்தது கிளாரன்ஸ் கிடியன் வழக்கைப் படித்தபோது. 1961இல் புளோரிடாவின் பனாமா சிட்டியில், ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக அவரைப் பிடித்தார்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை. அரசு ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டுமே மாநிலச் சட்டம் அதை அனுமதிக்கிறது என்று நீதிபதி மறுத்தார். தனக்காகத் தானே வாதாடித் தோற்றார். ஐந்து ஆண்டுச் சிறை. மாநில உச்ச நீதிமன்றமும் கைவிட்டது.

திருட்டு வழக்கு என்ற அளவில் கதை அதோடு முடிந்திருக்கும். மாநிலச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சொன்னதே இறுதி. ஆனால் கிடியன் எழுப்பியது, வக்கீல் வைக்க முடியாதவருக்கு அரசு வக்கீல் தர வேண்டுமா என்ற, அமெரிக்க அரசமைப்புச் சட்டம் பற்றிய கேள்வி. சிறைத் தாளில் பென்சிலால் மனு எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். அங்கே வரும் மனுக்களில் மிகச் சிலவே விசாரணைக்கு எடுக்கப்படுகின்றன. ஒன்பது பேரில் நால்வராவது சம்மதிக்க வேண்டும். பென்சிலில் எழுதிய அந்த மனுவை எடுத்துக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மேல்முறையீட்டில் சாட்சி கிடையாது, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியும் கிடையாது. கீழே நடந்ததில் சட்டப் பிழை உண்டா என்பதுதான் கேள்வி. ஆகவே 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, கிடியன் திருடினாரா இல்லையா என்று அவர்கள் சொல்லவில்லை. வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணை செல்லாது, கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும் என்றார்கள். வழக்கு மறுபடியும் பனாமா சிட்டிக்கே வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், முன்பு தண்டித்த அதே நீதிபதியின் முன் மறுவிசாரணை நடந்தது. இந்த முறை பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தார். முக்கியச் சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்தார். ஜூரிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கலந்து பேசிவிட்டு வந்து, கிடியன் குற்றவாளி அல்ல என்றார்கள்.