மேட்டுப் பழமும் வாய்க்கால் பழமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன பர்கண்டி வட்டாரப் பயணம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் குடிப்பவன் அல்ல. எங்களுக்குக் கம்பம் பக்கம் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருப்பதால் கடைசிவரை படித்துவிட்டேன். மூன்று சந்தேகங்கள்.

ஒரு வரப்பு தாண்டினால் ஒயினின் ருசி மாறிவிடும் என்கிறீர்கள். மண்ணின் ருசி கோப்பைக்குள் வருமா? அல்லது பணக்காரர்களிடம் விலையை ஏற்றுவதற்கு ஒரு கதையா? எங்கள் அப்பாவும் இப்படித்தான் சொல்வார். வாய்க்கால் ஓரத்துப் பழம் பார்க்கப் பெரிது, தின்னச் சப்பை. மேட்டுப் பழம்தான் பழம் என்பார். ஆனால் வியாபாரி இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுத்தான் எடுத்துப்போகிறார்.

இரண்டாவது, 'டெர்வார்' என்று, அதாவது நிலத்தின் குணமே ஒயினின் குணம் என்று, அவர்கள் கொண்டாடுவதை நாம் திணை என்று எப்போதோ சொல்லிவிட்டோமே?

மூன்றாவது, எங்கள் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்களும் அவர்களைப் போல் ஆக முடியுமா?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

முதல் கேள்விக்கு உங்கள் அப்பா ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் சொல்வது மட்டும்தான் என் வேலை.

மண்ணின் ருசி நேராகக் கோப்பைக்குள் வருவதில்லை. சுண்ணாம்புப் பாறை மேல் வளர்ந்த கொடியின் ஒயினில் சுண்ணாம்பு ருசிக்காது. அலெக்ஸ் மால்ட்மன் என்கிற நிலவியல் பேராசிரியர் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த சத்துகளை. அவை நாக்கில் படும் அளவுக்கு ஒயினில் இருப்பதும் இல்லை. ஆகவே விற்பவர் யாராவது கண்ணை மூடிக்கொண்டு "பாறையின் சுவை" என்றால் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துத் துறவிகள் மண்ணை வாயில் போட்டு ருசி பார்த்துத்தான் தோட்டம் பிரித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. அங்குள்ள சித்தோ மடத்துச் சிஸ்டெர்சியன் என்கிற கிறித்தவத் துறவிகளிடம் பல நூறு வருடங்கள் ஒரே சரிவில் உழைத்த அனுபவம் இருந்தது. அது போதும்.

மண் செய்கிற பெரிய வேலை தண்ணீரைப் பங்கிடுவது. தாராளமாகக் கிடைத்தால் கொடி இலை விட்டுக்கொண்டே போகும், பழம் ஊதும். கொஞ்சம் தட்டுப்பாடு வந்தால்தான் வளர்வதை நிறுத்திவிட்டுப் பழத்தைக் கவனிக்கும். பழம் சிறுத்தால் சாற்றின் அளவுக்குத் தோல் அதிகம். சிவப்பு ஒயினின் நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பங்கு எல்லாம் தோலிலிருந்து வருபவை. உங்கள் மேட்டுப் பழத்தின் கதையும் இதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிடச் செருப்பில் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். கட்டுரையில் விட்டுப்போனது அது.

பர்கண்டியின் கோட் தோர் சரிவில், வோன்-ரோமனே என்கிற ஊர்ப் பக்கம், ஒரு சிறு விவசாயியின் நிலவறைக்குப் போயிருந்தோம். சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. கண்ணாடிக் குழாயைப் பீப்பாயின் வாய்க்குள் விட்டு, மேல் முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றினார். அப்புறம் பக்கத்துப் பீப்பாயிலிருந்து இன்னும் இரண்டு மடக்கு. இரண்டும் பினோ நுவார் என்கிற ஒரே திராட்சை வகை. ஒரே வாரத்தில் பறித்தது, ஒரே தச்சர் செய்த பீப்பாய். நடுவில் ஒரு வண்டிப்பாதைதான் வித்தியாசம் என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் மனைவி மட்டும் இரண்டாவது கொஞ்சம் மந்தமாக இருப்பதாகச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். முந்தைய இரவு மழை. அங்கே பந்தல் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் கம்பியில் கட்டிய கொடிகள், ஹெக்டேருக்குச் சுமார் 10,000. பாதைக்கு மேல்பக்கம் நடந்தபோது காலடியில் கல் நறநறத்தது, செருப்பு சுத்தமாகவே இருந்தது. கீழ்ப்பக்கம் பத்தடி போவதற்குள் கால் கிலோ களிமண் ஒட்டிக்கொண்டது. நாக்குக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கீழ்த்துண்டு இரண்டு 'ஊவ்ரே'. பர்கண்டிக்காரர்கள் இன்றும் நிலத்தை அப்படித்தான் பேசுகிறார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கிற அளவு, நம் கணக்கில் சுமார் பத்தரை சென்ட். ஆக அவரிடம் இருபத்தொரு சென்ட். அதில் வருவது ஒன்றரை பீப்பாய். பீப்பாய் 228 லிட்டர். அரைப் பீப்பாயைக் காலியாக விட்டால் காற்றுப்பட்டு ஒயின் கெட்டுவிடும், எனவே அதற்கென்று ஒரு குட்டிப் பீப்பாய். மரத்தின் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். அதை அவ்வப்போது நிரப்ப வேண்டும், அதுவும் அதே துண்டின் ஒயினால். அதற்காக மீதத்தைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வைத்திருந்தார். புளிக்கவைக்கத் தனித் தொட்டி, தனி லேபிள் வேறு. இவ்வளவும் நானூற்றைம்பது பாட்டிலுக்கு. மேல்துண்டோடு கலந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "அப்புறம் லேபிளில் என்ன எழுதுவது?" என்றார்.

அது தத்துவம் இல்லை, சட்டம். ஒரே ஊரின் இரண்டு பிரெமியே க்ரூ (உச்சத்துக்கு அடுத்த தரம்) துண்டுகளைக் கலந்தால் துண்டின் பெயரைப் போட முடியாது, ஊர்ப் பெயரையும் தரத்தையும் மட்டும்தான் போடலாம். பெயர் போனால் விலையும் போகும். டெர்வார் பற்றுக்கு இந்தப் பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அது வளர்ந்ததே ஒரு கோபத்திலிருந்துதான். நூறு வருடம் முன்பு சிறு விவசாயிகள் ஒயினைப் பீப்பாயோடு வியாபாரிகளுக்கு விற்றுவிடுவார்கள். வியாபாரிகளில் பலர் தென்பிரான்சிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்த அடர்த்தியான சரக்கை அதில் கலந்து, பெரிய பர்கண்டிப் பெயர்களை ஒட்டி விற்றார்கள். வோல்னேயில் மார்க்கி தாஞ்செர்வில், நுயி-சான்-ஜார்ஜில் ஆன்றி கூஜ், ஜெவ்ரேயில் அர்மான் ரூசோ (தத்துவவாதி இல்லை, இவர் வேறு) போன்ற சிலர் 1920, 30களில் நேரடியாகத் தாங்களே பாட்டிலில் அடைக்கத் தொடங்கினார்கள். கலப்படத்தைப் பற்றி வாய்திறந்ததற்காகத் தாஞ்செர்விலிடம் சரக்கு வாங்க வியாபாரிகள் மறுத்தார்கள். அவர் தானே விற்றுக்கொண்டார். இந்த மாதிரிச் சண்டைகளின் நடுவில்தான் 1935இல் பிரான்சின் பெயர்க் காப்புச் சட்டம் வந்தது. உங்கள் பன்னீர் திராட்சைக்குக் கிடைத்த புவிசார் குறியீடு அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளை.

சட்டமும் தப்பு செய்யும். க்ளோ து வூஜோ என்று துறவிகள் மதில் கட்டிய தோட்டம், சுமார் 125 ஏக்கர். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பறிபோய், பின்னால் பாகமாகி, இன்று சுமார் 80 பேர் கையில் இருக்கிறது. நெப்போலியன் சட்டப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்பதால், பாகப்பிரிவினையில் நம்மையும் மிஞ்சியவர்கள் அவர்கள். அந்த மதிலுக்குள் மேல்மேடு அருமையான நிலம், நெடுஞ்சாலையை ஒட்டிய அடிப்பகுதி நீர் தேங்குகிற களிமண். இரண்டுக்கும் ஒரே உச்சத் தரம், ஒரே பெயர். சரிவின் மேல்பகுதி ஒயின் போப்பாண்டவருக்கு, நடுப்பகுதி மன்னருக்கு, அடிப்பகுதி மடத்துக்கு என்று துறவிகள் பிரித்ததாக அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதையில் இருக்கிற நேர்மை லேபிளில் இல்லை.

சரி, திணை. நீங்கள் மட்டுமல்ல, நிறையப் பேர் இதை எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இப்போது இல்லை. குறிஞ்சி என்றால் எந்த மலையும் குறிஞ்சிதான். பொதிகையா கொல்லியா என்பது அங்கே பிரச்சினை இல்லை. இன்னும் சொன்னால், அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லவே கூடாது என்கிறது தொல்காப்பியம். பெயர் வந்துவிட்டால் அது அகம் இல்லை. பர்கண்டியில் பெயர் வராவிட்டால் ஒன்றுமே இல்லை. சுமார் 60 கிலோமீட்டர் சரிவில் 1,247 துண்டுகளுக்கு, அவர்கள் 'க்ளிமா' என்று சொல்வதற்கு, தனித்தனிப் பெயர் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது அந்தத் துண்டுகள்தான். அதில் ரோமனே-கோன்டி நாலரை ஏக்கர்கூட இல்லை. திணை ஒரு மனநிலையை எல்லா மலைக்கும் பொதுவாக்குகிறது, க்ளிமா ஒரு மேட்டைப் பக்கத்து மேட்டோடு சேர விடுவதில்லை. இரண்டும் நிலத்தைப் பற்றியவை என்பதற்காக ஒன்றாக்கினால் இரண்டுக்குமே நஷ்டம்.

உங்கள் மூன்றாவது கேள்வியில் ஒரு ஆசை தெரிகிறது, அதனால் கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர்களின் விலை ஏறி ஏறி, வாரிசு வரி கட்ட முடியாமல் குடும்பங்கள் தோட்டத்தை விற்கின்றன. க்ளோ தே லாம்ப்ரே 2014இல் ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்எச் கைக்கும், க்ளோ து தார் 2017இல் கோடீஸ்வரர் பினோ குடும்பத்தின் கைக்கும் போயின. (பினோ நுவாருக்கும் இவருக்கும் உறவில்லை.) இன்னொரு பக்கம், பர்கண்டியில் போன் (Beaune) என்கிற ஊரில் 1354 முதலான அறுவடைத் தேதிகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முன்னதாகவே பறிக்கிறார்கள். அந்த நிலவறைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருடைய தாத்தா வேண்டாம் என்று தள்ளிய, குளிர்ந்த மேல்துண்டுகளை இப்போது தேடி வாங்குவதாகச் சொன்னார்.

உங்கள் வழி வேறு. பன்னீர் தின்கிற பழம். உங்கள் கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் இல்லை, கவாத்து செய்கிற தேதிதான் அதற்குப் பருவம். குறியீடும் மொத்தப் பள்ளத்தாக்குக்கும் சேர்த்துத்தான், உங்கள் மேட்டுக்கு மட்டும் இல்லை. எனவே அவர்களைப் போல் ஆவதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வெட்டுக்கு வியாபாரி வருவதற்கு முன்னால், மேட்டுப் பழத்தில் ஒரு பெட்டியும் வாய்க்கால் பழத்தில் ஒரு பெட்டியும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் போட்டால் வந்துவிடும், கூலியும் விலையும் நான் தருகிறேன். எது எது என்று பெட்டி மேல் எழுத வேண்டாம், என் மனைவி கண்டுபிடிக்கட்டும்.