‘எனக்குக் கணக்கு வராது’ என்று குழந்தை சொன்னால்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சின்ன வகுப்புகளில் எல்லாப் பாடத்திலும் முதலிடம். இப்போது கொஞ்சம் கடினமான கணக்கு வந்தாலே, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று நோட்டை மூடிவிடுகிறாள். ‘நீ புத்திசாலி, உன்னால் முடியும்’ என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. வளர்ச்சி மனப்பான்மை, நிலைத்த மனப்பான்மை என்கிறார்களே, உண்மையில் என்ன வித்தியாசம்?

பதில்: முதலில், ‘நீ புத்திசாலி’ என்பதைக் கொஞ்ச நாளைக்குச் சொல்லாமல் இருங்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அவளுக்கு இப்போது அதுவே பாரம்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்கிறோம். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்றும் சொல்கிறோம். திறமை பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்புகிறவருக்கு ஒவ்வொரு பரீட்சையும் ஒரு தீர்ப்பு; இதுதான் நிலைத்த மனப்பான்மை. பழகப் பழக வரும் என்று நம்புகிறவருக்குத் தவறான விடை, அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று காட்டும் ஒரு குறிப்பு; இது வளர்ச்சி மனப்பான்மை. எல்லாம் எளிதாக வரும்வரை இருவரிடமும் வேறுபாடு தெரியாது. முதல் சறுக்கலில்தான் தெரியும். ‘எளிதாக வந்தபோது புத்திசாலி என்றார்கள், இப்போது கஷ்டப்படுகிறேன், அப்படியானால் நான் புத்திசாலி இல்லை’ என்று உங்கள் மகள் நினைத்திருக்கலாம். நோட்டை மூடிவிட்டால் அந்தப் பெயராவது மிஞ்சும்.

இந்தத் துறையில் பெயர் பெற்ற உளவியலாளர் கேரல் டுவெக், க்ளாடியா முல்லருடன் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். பிறகு மீண்டும் முதலில் கொடுத்த அளவுக்கே எளிதானவை. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலி என்று சொல்லப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். இவர்களில் பலர் முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதும்போதுகூடத் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். எனக்கு மிகவும் வலித்த செய்தி இதுதான்.

அதற்காக, ‘இன்னும் முயற்சி செய்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் போதாது. வழி தெரியாதவளை வேகமாக நடக்கச் சொல்வது போன்றது அது. அவளுடன் உட்கார்ந்து ஒரே ஒரு தவறைப் பாருங்கள். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘தப்பு’ என்று கோடு போட்டுவிடாதீர்கள். ‘இந்த விடை எப்படி வந்தது, சொல்லு’ என்று கேளுங்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்பாள். அவளளவில் அதில் ஒழுங்கு இருக்கிறது. ‘சரி, 2/5 பெரியதா, பாதி பெரியதா?’ என்று அடுத்துக் கேளுங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் விடை பாதியைவிடக் குறைந்திருக்கிறதே என்று அவளே பிடித்துவிட்டால், பாராட்ட வேண்டிய நொடி அது: ‘விடை சரிதானா என்று நீயே சோதித்துக் கண்டுபிடித்தாய்.’ அவள் எதைச் செய்ததால் பலன் கிடைத்தது என்பதைக் குறிப்பிட்டுப் பாராட்டினால்தான் அடுத்த கணக்கில் அது கைகொடுக்கும்.

மனப்பான்மையை மாற்றினால் மதிப்பெண் தானாக ஏறும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து, 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வளர்ச்சி மனப்பான்மைப் பயிற்சியால் படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, ஆனால் சிறிதளவே. நல்ல கற்பித்தலுக்கு அது மாற்றாகாது.

வீட்டில் யாராவது ‘எனக்கும் கணக்கு வராது, அதுதான் இவளுக்கும்’ என்று சொல்லும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஆறுதலுக்காகச் சொன்னாலும், பிள்ளையின் காதில் அது முடிந்துபோன தீர்ப்பாகவே விழும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த எண் பெரியது என்பதிலேயே தடுமாறுகிறாளா? சிறு கூட்டலுக்கும் இன்னும் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறதா? சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றால், டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். கல்வி உளவியலாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.