ஜடை போட்ட மணி ட்ரீ: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினொரு வருடமாக இந்த மரத்தை வளர்க்கிறேன். செடி கெட்டுப்போன பிறகு என்னிடம் கேட்பவர்கள்தான் அதிகம் என்பதால், வாங்குவதற்கு முன்பே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பத்துக்கு இங்கே பதில்.

கேள்வி (சேலம்): அக்கா, நர்சரியில் மணி ட்ரீ கேட்டால் கொடி ஒன்றைத் தருகிறார்கள். ஜேட் செடியையும் அதே பெயரில் விற்கிறார்கள். எது நிஜம்?

பெயர்தான் ஒன்று, மூன்றும் வேறு வேறு செடிகள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் இதய வடிவ இலைக் கொடி மணி பிளான்ட். தடித்த குண்டு இலையோடு வருவது ஜேட். நாம் பேசுவது பச்சிரா. ஒரே காம்பிலிருந்து ஐந்து முதல் ஒன்பது இலைகள் விரித்த கை போலப் பிரியும். இலவம் இலையைப் பார்த்திருந்தால் உடனே பிடிபடும், ஏனென்றால் இலவமும் இதுவும் ஒரே குடும்பம். மன்னாரில் நிற்கும் பெருக்கமரமும் (பாவோபாப்) அந்தக் குடும்பம்தான். பச்சிராவின் அடித்தண்டு பானை போலப் புடைத்திருப்பதும் அந்த உறவுமுறைதான். கடையில் "பச்சிரா" என்றே கேளுங்கள், குழப்பம் வராது.

கேள்வி (கோவை): வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? இலை பளபளப்பாக இருந்தால் போதுமா?

போதாது. இலையைக் கடைசியாகப் பாருங்கள். இலை போனால் மூன்று வாரத்தில் புதுசு வரும், தண்டு போனால் வராது.

முதலில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். ஜடை என்பது ஒரு மரம் இல்லை. மூன்றோ ஐந்தோ தனித்தனிக் கன்றுகளை, தண்டு இளசாக வளையும் பருவத்தில் பின்னி ஒரே தொட்டியில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வேர், தனி உயிர். அதனால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும். மண்ணுக்கு ஒரு விரல் மேலே, கட்டை விரலால் ஒவ்வொரு தண்டையும் அழுத்துங்கள். நல்ல தண்டு பச்சைக் கரும்பு போல விறைப்பாக நிற்கும். அழுகிய தண்டில் தோல் வழுக்கும், உள்ளே மெத்தென்று இறங்கும். காய்ந்து செத்த தண்டு சுருக்கம் விழுந்து, தட்டினால் கூடு போலச் சத்தம் தரும். பின்னலின் நடுவில் மறைந்திருக்கும் தண்டைத்தான் முக்கியமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளியே தெரிவதை யாரும் கவனித்துவிடுவார்கள்.

அடுத்து, ஜடை கலையாமல் இருக்க நுனியில் ஒரு டேப்போ கம்பியோ ரப்பர் பேண்டோ கட்டியிருப்பார்கள். என் முதல் மரத்தில் ஐந்து தண்டுகள். ஆறாவது மாதம் ஒன்று வாடியது, பிறகு இன்னொன்று. இலைகளை விலக்கிப் பார்த்தபோது பச்சை டேப் ஒன்று பட்டைக்குள் புதைந்து, அதன் மேலும் கீழும் தண்டு பிதுங்கி நின்றது. கத்தரிக்கோல் நுனியால் கீறி எடுத்தேன். டேப் வந்த இடத்தில் தண்டு பென்சில் அளவுக்குச் சிறுத்திருந்தது. ஐந்தில் இரண்டுதான் பிழைத்தன. ஆகவே செடி வீட்டுக்கு வந்து புது இடத்துக்குப் பழகியதும் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். ஜடை பிரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் சணல் நூலால் தளர்வாகக் கட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (திருச்சி): இது சதுப்பு நிலத்து மரம் என்று படித்தேன். அப்படியானால் தண்ணீர் நிறைய ஊற்றலாம்தானே? எனக்கு இரண்டு செடி அழுகிவிட்டது.

ரொம்ப நியாயமான சந்தேகம். நீங்கள் படித்தது உண்மைதான். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் ஆற்றோரத்திலும் சதுப்பிலும் வளர்கிற மரம் இது. 1775-இல் ஓபிளே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வைத்த பச்சிரா அக்வாட்டிகா என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரைத் தண்ணீர் ஏறும், இறங்கும், நகரும். மரத்தின் வேரும் நெடுந்தூரம் ஓடிக் காற்று தேடிக்கொள்ளும். தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குப் போக்கு இல்லை. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. மூச்சு முட்டிய வேர் அழுகுகிறது. அடித்தண்டு தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பதால் இலை வாட நாள் பிடிக்கிறது. மஞ்சள் தெரியும்போது கீழே பாதி வேர் போயிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் கீழே ஓட்டை வழியாக ஓடி வரும்வரை தாராளமாக ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். தினம் அரை டம்ளர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் மிக மோசமான பழக்கம். கிழமை வைத்து ஊற்றுவதும் சரிவராது. ஏப்ரலில் ஐந்து நாளில் காய்வது, ஐப்பசி அடைமழையில் பதினைந்து நாளானாலும் காயாது.

மண்ணுக்கு நான் போடும் கணக்கு: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (பொரி போல லேசான வெள்ளைக் கல்) அல்லது கரகரப்பான மணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. வெறும் செம்மண் வீட்டுக்குள் இறுகிவிடும். தொட்டி, வேர்ப்பந்தை விட இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டி வைத்தால் செடி குடிக்காத ஈரம் சுற்றிலும் நிற்கும்.

கேள்வி (மதுரை): மூன்றில் ஒரு தண்டு மெத்தென்று ஆகிவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. விட்டுவிடலாமா?

விடாதீர்கள், இன்றே எடுங்கள். அழுகல் பக்கத்து வேருக்கும் பரவும். தொட்டியிலிருந்து மொத்தமாக வெளியே எடுத்து, கெட்ட தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிப் பின்னலிலிருந்து உருவுங்கள். இழுத்தால் நல்ல தண்டின் பட்டை உரியும். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, புதுக் கலவையில் நட்டு, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் வையுங்கள். ஜடையில் ஒரு இடைவெளி தெரியும். மற்ற தண்டுகள் பருக்கப் பருக்க அது கண்ணுக்குப் படாமல் போகும்.

கேள்வி (சென்னை): ஏசி அறையில், ஜன்னல் இல்லாத மூலையில் வைக்கலாமா?

வேண்டாம். கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் வையுங்கள். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் என்றால் சரி. ஏசி காற்று நேராகப் பட்டால் இலை ஓரம் கருகும். உச்சி வெயிலும் இலையைப் பொசுக்கும். இடம் மாற்றியதும் பத்து இலை கொட்டினால் பதறித் திரும்ப மாற்ற வேண்டாம், பழகட்டும்.

கேள்வி (பெங்களூரு): வீட்டில் பூனை இருக்கிறது, இலையைக் கடிக்கிறது.

பச்சிரா பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு இல்லை. மேலே சொன்ன கொடியும் ஜேட்டும் நஞ்சு. பூனை இருக்கும் வீட்டுக்குப் பச்சிராதான் சரி.

கேள்வி (டொராண்டோ): அக்கா, இங்கே குளிர்காலத்தில் பாதி இலை உதிர்ந்துவிடுகிறது. உரம் போடட்டுமா?

உரம் இப்போது வேண்டாம். வெளிச்சம் குறைந்த மாதங்களில் செடி தூங்குகிறது, ஊட்டினாலும் தின்னாது. இலை கண்ணாடியைத் தொடாமல் ஓர் அடி தள்ளி வையுங்கள், இரவில் 12 டிகிரிக்குக் கீழே போகவிடாதீர்கள். ஹீட்டருக்கு மேலே வைக்கவே கூடாது. தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, குழாய் நீரை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். ஏப்ரல் மாதம் கொழுந்து கிளம்பும்போது திரவ உரத்தைப் பாதி அளவில் ஆரம்பியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஐந்து தண்டு மரம் பரிசளித்தார். சிவப்பு ரிப்பன், தங்கத்தாள் எல்லாம் சுற்றியிருக்கிறது. அவிழ்த்தால் தவறாக நினைப்பாரோ?

அன்பாகத் தந்திருக்கிறார். ஃபெங் சுய் என்ற சீன வாஸ்து நம்பிக்கையில் ஐந்து இலையும் ஐந்து தண்டும் ஐந்து பூதங்களைக் குறிக்கும். நான்கு என்ற எண்ணின் உச்சரிப்பு சீன மொழியில் சாவு என்ற சொல்லை ஒத்திருப்பதால் நான்கு தண்டைத் தவிர்ப்பார்கள். ஜடை போடும் வழக்கம் தைவானில் 1980-களில் பரவியது. ஒரு லாரி ஓட்டுநர் புயல் நாளில் மனைவிக்கு உதவியாகத் தலைமுடி பின்னியபோது தோன்றிய யோசனை என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்குப் பிடித்த கதை.

ரிப்பனை வைத்துக்கொள்ளுங்கள், தளர்வாக. தங்கத்தாளின் அடியை மட்டும் வெட்டி ஓட்டையைத் திறந்துவிடுங்கள். அதற்குள் தண்ணீர் குளம் கட்டி நிற்பது வெளியே தெரியாது. அடுத்த வருடம் அந்த மரம் தழைத்திருப்பதை அவர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

கேள்வி (ஈரோடு): இலை பிசுபிசுவென்று ஒட்டுகிறது, பின்னல் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு.

மாவுப்பூச்சி. பின்னல் இடுக்கு அதற்குக் கோட்டை மாதிரி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்பக்கமும் நனைய மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால் ஒரே தடவையோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, மரம் ஒரு பக்கமாக நீண்டு வளர்ந்துவிட்டது. வெட்டலாமா? ஜடையை மேலே தொடர முடியுமா?

தாராளமாக வெட்டலாம். கணுவுக்கு அரை விரல் மேலே வெட்டினால் அங்கிருந்து கிளை வரும். வெட்டிய கொம்பைத் தண்ணீரிலோ மணலிலோ வைத்தால் வேர் பிடிக்கும். ஆனால் கொம்பிலிருந்து வரும் செடிக்கு விதைக் கன்று போல அடி அவ்வளவாகப் பருக்காது. ஜடையைத் தொடர வேண்டுமானால் தண்டு பச்சையாக, வளைத்தால் வளைகிற நிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். பழுப்பு நிறம் ஏறி மரத்துப் போனதை வளைத்தால் முறியும். முதல் நாள் தண்ணீர் ஊற்றாமல் வைத்தால் தண்டு கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு பின்னல் போதும். அப்புறம், தொட்டியை வாரம் ஒருமுறை கால் சுற்றுத் திருப்பி வையுங்கள், ஒரு பக்கமாக ஓடாது.