நகையை அடகு வைத்துக் குழாய்க்கிணறு அடிக்கலாமா?

வன்னியில் நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எங்கள் வீட்டுக் கிணறு 26 அடி. முந்தி ஆடி மாதத்திலும் ஏழெட்டு அடி தண்ணீர் நிற்கும். இரண்டு வருடமாக ஆவணி பிறந்தால் சேறுதான். பக்கத்தில் நாலு காணிகளில் குழாய்க்கிணறு அடித்து, சோலார் மோட்டர் பூட்டி, பப்பாசியும் வெங்காயமும் செய்கிறார்கள். சனம் கூடிப்போச்சு, உலகமே தண்ணியில்லாமல்தான் போகப்போகுது, நீயும் 250 அடிக்கு அடித்துவிடு என்கிறார் மைத்துனர். வீட்டில் அம்மாவோடு ஐந்து பேர். மனைவியின் நகையை அடகு வைத்து அடிக்கலாமா?"

இப்போதைக்கு நகையில் கை வைக்காதீர்கள், தம்பி. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மைத்துனர் சொன்ன அந்தச் 'சனம் கூடிப்போச்சு' கதை. உலகச் சனத்தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டது என்று 2022 நவம்பர் 15ஆம் திகதி ஐ.நா. அறிவித்தது உண்மைதான். 1970இல் அது ஏறத்தாழ 370 கோடி, ஆக இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆனால் அதே காலத்தில் பூமியிலிருந்து தோண்டியும் வெட்டியும் அறுத்தும் எடுக்கிற மணல், கல், கனியம், எண்ணெய், மரம், விளைச்சல் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 3,000 கோடி தொன்னிலிருந்து 10,000 கோடி தொன்னுக்கு மேல் போய்விட்டது. அது மூன்று மடங்குக்கும் கூட. ஐ.நா. சுற்றாடல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கு இது. பணக்கார நாட்டில் ஒருவர் செலவழிக்கிற பொருள், ஏழை நாட்டில் ஒருவர் செலவழிப்பதைப்போல ஆறு மடங்கு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தலை கூடியதைவிட மொத்தச் செலவு வேகமாகக் கூடியிருக்கிறது, ஒவ்வொரு தலைக்கும் பின்னால் இருக்கிற செலவும் கூடியிருக்கிறது, அதுவும் எல்லாத் தலைக்கும் ஒரே மாதிரி இல்லை.

வன்னிக்கு வந்தால் அந்தக் கதை இன்னும் பொருந்தாது. 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 3,400 பேருக்கு மேல், முல்லைத்தீவில் 40 பேர்கூட இல்லை. உங்கள் வவுனியா வடக்கிலும் வீட்டுக்கு வீடு தூரம்தான், நடுவில் காடு. சனம்தான் காரணம் என்றால் இலங்கையில் கடைசியாக வற்ற வேண்டியது வன்னிக் கிணறுகள்தானே? இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, திரும்பி வந்து பற்றை வெட்டிக் கிணறு இறைத்துக் குடியேறிய சனத்தைப் பார்த்து 'நீங்கள் வந்ததால்தான் தண்ணீர் போச்சு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் குடிக்கிற தண்ணீரால் எந்தக் கிணறும் வற்றவில்லை.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கணக்குப் பாருங்கள். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க ஒருவருக்கு நாளுக்கு 120 லீற்றர் என்று தாராளமாகவே வைப்போம், ஐந்து பேருக்கு 600 லீற்றர். உங்கள் கிணறு 10 அடி விட்டம் என்றால் அதில் ஓரடித் தண்ணீர் ஏறத்தாழ 2,200 லீற்றர், அதாவது உங்கள் குடும்பம் ஒரு நாளில் எடுப்பது மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல், அதையும் ஊற்று இரவோடு இரவாக நிரப்பிவிடும். இப்போது பக்கத்துக் காணிக்குப் போவோம். கோடை வெயிலில் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் தேவைப்படும் என்று வைத்தால், ஒரு ஏக்கருக்கு 20,000 லீற்றர். உங்கள் வீட்டைப்போல 33 வீடுகளின் ஒருநாள் தண்ணீர் அது. நாலு காணியிலும் ஒவ்வொரு ஏக்கர் என்றால் 130 வீடுகளுக்கு மேல் புதிதாக வந்து குடியேறின மாதிரி, அதுவும் மழையே இல்லாத மாதங்களில். நெல் என்றால் கேட்கவே வேண்டாம். சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு 4 ஏக்கரடி, அதாவது அந்த ஏக்கர் முழுக்க நாலடி உயரத்துக்கு நிற்கிற அளவு தண்ணீர், தேவை என்று வைத்தாலே 49 இலட்சம் லீற்றர், உங்கள் வீட்டுக்கு 22 வருடத்துக்குப் போதும்.

அந்த நாலு பேரையும் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களும் கடன் பட்டுத்தான் செய்திருப்பார்கள்.

அப்போ நீங்களும் ஆழமாக அடித்தால் என்ன? யாழ்ப்பாணத்தில் கீழே சுண்ணாம்புக்கல், அங்கே கதை வேறு. நெடுங்கேணியில் மேலே செம்மண், அதற்குக் கீழே உக்கிப்போன கல், அதற்குக் கீழே கருங்கல். தண்ணீர் பெரும்பாலும் நிற்பது அந்த உக்கிய கல்லில்தான், பொதுவாக முப்பது நாற்பது அடிக்குள். கருங்கல்லுக்குள் இறங்கினால் வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர், வெடிப்பு இல்லையென்றால் 250 அடியும் வெறும் தூள்தான். நான் நேரில் நின்று பார்த்த ஒரு கிராமத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு துளை போட்டார்கள், ஒன்றில் தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது, இருபது யார் தள்ளிப் போட்டதில் ஒரு வாளிகூட வரவில்லை, ஆனால் இரண்டுக்கும் அடிக்கணக்கில்தான் காசு வாங்கினார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: அந்த வெடிப்புக்குள் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே உள்ள உக்கிய கல்லிலிருந்துதான் கசிந்து இறங்குகிறது. நீங்கள் ஆழத்தில் இறைத்தால் உங்கள் கிணறும், உங்கள் அயலவரின் கிணறும்தான் இறங்கும். அவர்களும் 300க்கு அடிப்பார்கள், நீங்கள் 350க்குப் போவீர்கள். எல்லாரும் ஒரே குடத்துக்குள் குழாய் விட்டுக்கொண்டு யாருடைய குழாய் நீளம் என்று போட்டி போடுகிற மாதிரிதான் இது.

சோலாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனபோது தோட்டக்காரர் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல, சோலார் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது, நல்ல விஷயம். ஆனால் எண்ணெய்க்குக் காசு கொடுத்த காலத்தில் போதுமான அளவு பாய்ந்ததும் ஓடிப்போய் மோட்டரை நிறுத்துவோம். இப்போது வெயில் ஏறினால் அது தானாக ஓடும், வெயில் சாயும்வரை ஓடும், நிறுத்த ஆளில்லை. சொட்டு நீர்ப்பாசனம் போட்டவர்களும் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கிணற்றில் விடுவதில்லை, இன்னும் அரை ஏக்கரைச் சேர்த்துவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? இன்றைக்கே ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, ஒவ்வொரு ஞாயிறும் விடிய, யாரும் மோட்டர் போடுமுன், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். அயலவர்கள் இரண்டு நாள் இறைக்காமல் விட்டால் உங்கள் கிணறு எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். கணிசமாக ஏறினால் உங்கள் பிரச்சினைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஏறவே இல்லையென்றால் கிணறு தூர்ந்திருக்கலாம், இறைத்துச் சேறு அள்ளி, இடமிருந்தால் இன்னும் நாலைந்து அடி இறக்குவது குழாய்க்கிணற்றை விட மலிவு.

அந்தக் கொப்பியோடு அந்த நாலு பேரிடமும் போங்கள், சண்டைக்கு இல்லை. நமக்கு இதில் பழக்கம் இல்லாமல் இல்லை. குளத்துக்குக் கீழ் சிறுபோகம் செய்யுமுன் கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுத்து, குறைவென்றால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டு விதைக்கிறோமே. பெரிய இரணைமடுக் குளத்திலும் அப்படித்தான், ஊர்ச் சின்னக் குளத்திலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீருக்குச் செய்வதைத் தெரியாத தண்ணீருக்குச் செய்யவில்லை, அவ்வளவுதான். யார் எந்த நாளில் இறைப்பது, கோடையில் எத்தனை ஏக்கர், உளுந்து, பயறு, கச்சான் போன்ற குறைந்த தண்ணீர்ப் பயிருக்கு யார் மாறலாம் என்று கமக்காரர் அமைப்பில் பேசுங்கள். மேட்டில் தூர்ந்து கிடக்கிற சின்னக் குளம் ஏதும் இருந்தால் கமநல சேவை நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கீழே கிணறு ஊறும். தூர் எடுக்கும்போது அடியில் உள்ள களிப்படையை மட்டும் உடைக்க விடாதீர்கள், உடைத்தால் குளத்தில் தண்ணீர் தங்காது.

ஆற்று மணலையும் கவனியுங்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி தொன் மணலும் சரளையும் எடுக்கப்படுகிறது, தண்ணீருக்கு அடுத்தபடி மனிதர் அதிகம் பயன்படுத்தும் பொருள் அதுதான். ஆற்றுப் படுக்கையில் கிடக்கிற மணல் மாரித் தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துக் கோடையில் மெல்ல விடுகிறது. இரவில் டிப்பரில் போவது மணல் மட்டும் இல்லை, ஆற்றோரக் கிணறுகளின் வைகாசித் தண்ணீரும்தான்.

இவ்வளவும் செய்து, அடுத்த ஆவணியும் சேறுதான் என்றால் அப்போது குழாய்க்கிணற்றை யோசிப்போம், தோட்டத்துக்கு வேண்டாம், வீட்டுக்கு மட்டும். அடிக்க முதல் நீர்வளச் சபையில் கேட்டு நிலத்தடி ஆய்வு செய்து இடத்தைத் தீர்மானியுங்கள். தண்ணீர் வந்தாலும் புளோரைட்டும் கடினத்தன்மையும் பரிசோதிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வவுனியாவில் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் நொந்திருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகையை ஏன் பொறுக்கச் சொன்னேன் என்றால் இதற்காகவும்தான். உங்கள் கூரை 1,000 சதுர அடி என்றால், 1,250 மில்லிமீற்றர் மழை பெய்யும் வருடத்தில் சிந்தியது போக 90,000 லீற்றர் பிடிக்கலாம். கார்த்திகைக்கு முதல் ஒரு பீலியும் ஒரு தொட்டியும் போட்டுவிட்டால் குடிதண்ணீர்க் கவலை பாதி தீரும். மார்கழி வரை எழுதிய அளவுகளை எனக்கு அனுப்புங்கள், அவற்றை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம்.