ஸ்பார்ட்டா யாருக்குப் பயந்தது?

கேள்வி: பண்டைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் பேசிப் பேசியே கெட்டது. ஸ்பார்ட்டா வாயைக் குறைத்து, ஒழுக்கமாக வாழ்ந்து, கடைசியில் போரிலும் ஜெயித்தது. ஜனநாயகத்தைவிடக் கட்டுப்பாடே மேல் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அந்தக் காலத்தில் நீங்கள் எந்த ஊரில் பிறக்க ஆசைப்படுவீர்கள்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஜெயித்தது உண்மைதான். 27 ஆண்டு இழுத்த போருக்குப் பிறகு கி.மு. 404-இல் ஏதென்ஸ் சரணடைந்தது. ஆனால் எதை வைத்து ஜெயித்தார்கள் என்பதையும் கேட்டிருக்கலாமே! ஏதென்ஸின் பலம் கடற்படை. அதை உடைக்கக் கப்பல் வேண்டும், துடுப்புப் போட ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். இரும்புக் காசைப் பெருமையாகப் புழங்கிய ஊரில் கூலி கொடுக்க வெள்ளி ஏது? பாரசீக இளவரசர் சைரஸ் கொடுத்தார். கி.மு. 480-இல் தெர்மோபிலேயில் எந்தப் பாரசீகத்தை மறித்து ஸ்பார்ட்டாவின் முந்நூறு பேர் உயிரை விட்டார்களோ, அதே பாரசீகத்தின் பணம். (அந்த முந்நூறு பேரோடு தெஸ்பியே என்ற சின்ன ஊரிலிருந்து வந்த எழுநூறு பேரும் கடைசிவரை நின்று செத்தார்கள். அவர்களை யார் பேசுகிறார்கள்?)

இப்போது அந்த ஒழுக்கத்துக்கு வருவோம். ஏழு வயதில் பையனை வீட்டிலிருந்து பிரித்துப் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள். பெரியவனான பிறகும் பொதுப் பந்தியில்தான் சாப்பாடு. தொழில், வியாபாரம் எதையும் தொடக் கூடாது. எல்லாம் சரி. அப்படியானால் அந்தப் பந்திக்கான பார்லியை விளைவித்தது யார்? ஹெலட்டுகள். ஸ்பார்ட்டா தன் சொந்த மண்ணான லக்கோனியாவிலும், மலைக்கு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்ட மெசீனியாவிலும் நிலத்தோடு கட்டிப்போட்டிருந்த மக்கள். அவர்களும் கிரேக்கர்கள்தான், கிரேக்கம் பேசியவர்கள்தான். கி.மு. 479-இல் பிளாட்டியா போருக்கு ஸ்பார்ட்டாவிலிருந்து 5,000 குடிமக்கள் போனார்கள், ஒவ்வொருவரோடும் ஏழு ஹெலட்டுகள் போனார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஒன்றுக்கு ஏழு. அத்தனை பேரை அடக்கி வைத்திருப்பவன் விடிய விடிய ஆயுதத்தோடு விழித்திருக்கத்தான் வேண்டும். ஒழுக்கம் என்று நீங்கள் மெச்சுவது அந்தக் காவல் வேலையைத்தான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் அவர்கள் நடைமுறையையே பாருங்கள். எஃபோர்கள் என்ற ஐந்து அதிகாரிகள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதவிக்கு வந்ததும் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். தங்கள் வயலில் உழுகிறவர்கள் மீதே, வருடா வருடம்! போர் என்று அறிவித்துவிட்டால் ஹெலட்டைக் கொல்வதில் பாவம் ஒட்டாது. இதைத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் சொன்னதாக, பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். தேர்ந்தெடுத்த இளைஞர்களைக் கையில் குத்துவாளோடு ஊர்ப்புறத்துக்கு அனுப்புவார்கள்; பகலில் பதுங்கியிருந்து, இரவில் வழியில் அகப்படும் ஹெலட்டுகளைக் கொல்வது அவர்கள் வேலை.

அதைவிடக் கொடுமை, ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்வது. போரில் ஸ்பார்ட்டாவுக்காகச் சிறப்பாக உழைத்தோம் என்று நினைக்கிற ஹெலட்டுகள் முன்னே வரலாம், விடுதலை தருகிறோம் என்று ஒரு முறை அறிவித்தார்கள். சுமார் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை பெற்ற மகிழ்ச்சியில் அவர்கள் கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. விடுதலை கேட்க முதலில் முன்வருகிறவன்தான் துணிச்சல்காரன், நாளைக்குக் கலகம் செய்யப் போகிறவனும் அவனே என்பது ஸ்பார்ட்டாவின் கணக்கு.

சுமார் கி.மு. 464-இல் பெரிய பூகம்பம் வந்து ஊர் இடிந்தபோது ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்து இதோமே மலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பார்ட்டா ஏதென்ஸிடமே உதவி கேட்டது. கிமோன் தலைமையில் படையும் வந்தது. வந்தவர்களைக் கொஞ்ச நாளில், இனி நீங்கள் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏதென்ஸ்காரர்கள் கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்! இரண்டு ஊருக்கும் நடுவே பகை முற்றியதில் அந்த அவமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்பார்ட்டாவின் அரசாங்கத்தை ராணுவ ஆட்சி என்று ஒரே வார்த்தையில் முடிக்கவும் முடியாது. ஒரே சமயத்தில் இரண்டு அரச குடும்பங்களிலிருந்து இரண்டு அரசர்கள். அவர்களோடு சேர்த்து முப்பது பேர் கொண்ட மூத்தோர் சபை. மேலே சொன்ன எஃபோர்கள். குடிமக்கள் கூடும் சபையும் உண்டு. மூத்தோர் சபைக்கு அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும். தேர்தல் நடத்திய விதம்தான் வேடிக்கை. வேட்பாளர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தின் நடுவே வாய் திறக்காமல் நடந்துபோவார்கள், கூட்டம் கத்தும். பக்கத்து அறையில் அடைக்கப்பட்ட நடுவர்கள், வருவது யார் என்று பார்க்க முடியாமல், எத்தனையாவது ஆளுக்குச் சத்தம் அதிகம் என்று பலகையில் குறித்துக்கொள்வார்கள். சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டில் இதைச் சாடினார். நீங்கள் புகழும் மௌனம் இந்த இடத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அதற்காக ஏதென்ஸுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதில்லை. அங்கே ஐந்நூறு பேர் கொண்ட ஆலோசனைச் சபைக்குக் குலுக்கலில் ஆள் எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. நாளுக்கு ஒருவர் தலைவர். அந்த ஒரு நாளும் இரவும் கருவூலச் சாவி அவர் கையில். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அதில் இடம் இல்லை. கி.மு. 451-இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா, அம்மா இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. கடற்படைக்கான பணத்தில் ஒரு பகுதி லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் அடிமைகள் தோண்டியது. இன்னொரு பகுதி நட்பு நாடுகள் என்ற பெயரில் அடக்கி வைத்திருந்த தீவுகளிடம் வாங்கிய கப்பம்.

பேசிப் பேசிக் கெட்டது என்கிறீர்களே, அதற்கு ஒரு சம்பவம். கி.மு. 427-இல் மைட்டிலீனி என்ற நட்பு நகரம் கலகம் செய்து தோற்றது. அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்குவது என்று ஏதென்ஸ் மக்கள் சபை ஆத்திரத்தில் முடிவெடுத்து, உத்தரவோடு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் காலை ஊருக்கே மனசு உறுத்தியது. திரும்பக் கூடினார்கள். உத்தரவு மாறக் கூடாது என்று கிளியோன் முழங்கினார். டியோடோட்டஸ் என்பவர் எதிர்த்துப் பேசினார். கைகள் ஏறக்குறையச் சரிபாதியாக உயர்ந்தன. டியோடோட்டஸ் மயிரிழையில் ஜெயித்தார். உடனே இரண்டாவது கப்பல். முதல் கப்பல் கிளம்பி ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிட்டது. துடுப்புக்காரர்கள் ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பை விடாமலே தின்றார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். அங்கே தளபதி முதல் உத்தரவைப் படித்து, வேலையைத் தொடங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அப்படியும் கலகத்தின் தலைவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பதினொரு ஆண்டு கழித்து மெலோஸ் தீவில் இதே தண்டனை நிறைவேறியது; அப்போது இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை.

ஆக, பேச்சு ஏதென்ஸை நல்லவர்களாக்கிவிடவில்லை. ஆனால் நேற்று எடுத்த முடிவை இன்று திருப்பிப் போட அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஸ்பார்ட்டாவுக்கு அது இல்லாததால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். பந்திக்குப் பங்கு கட்ட முடியாதவன் குடியுரிமையை இழந்தான். நிலம் சிலர் கையில் சேரச் சேர, குடிமக்கள் குறைந்தார்கள். கி.மு. 480-இல் சுமார் 8,000 பேர். கி.மு. 371-இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் என்ற இன்னொரு கிரேக்க நகரின் படையை எதிர்த்து நின்ற குடிமக்கள் 700 பேர்தான், அவர்களில் 400 பேர் அங்கேயே செத்தார்கள். ஏதென்ஸை ஜெயித்து 33 ஆண்டில் கதை முடிந்தது. அடுத்து தீப்ஸின் தளபதி எபாமினோண்டாஸ் படையோடு வந்து மெசீனியாவை விடுவித்தார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, அகிஸ் என்ற இளம் அரசர் கடனை ரத்து செய்து நிலத்தைப் பங்கிடப் பார்த்தார். அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். கூடவே அவருடைய தாயையும் பாட்டியையும்.

எந்த ஊரில் பிறக்க ஆசை என்கிறீர்கள். யாராகப் பிறப்பது என்பதைச் சொல்லவில்லையே! பெண்ணாக என்றால் ஸ்பார்ட்டாதான். அங்கே பெண்கள் ஓடியாடி விளையாடினார்கள், சொத்து வைத்திருந்தார்கள். அரசரின் சகோதரி சினிஸ்கா வளர்த்த குதிரைகள் கி.மு. 396-இல் ஒலிம்பிக் தேர்ப்பந்தயத்தில் ஜெயித்தன. ஏதென்ஸில் ஒரு பெண் ஏறக்குறைய 50 லிட்டர் பார்லியின் மதிப்புக்கு மேல் எதையும் தானாக விற்கவோ வாங்கவோ சட்டம் விடவில்லை. குடிமகனாக என்றால் யோசிக்காமல் ஏதென்ஸ். அடிமையாக என்றால்? கி.மு. 425-இல் ஸ்பார்ட்டாவின் மண்ணில் பைலோஸ் என்ற இடத்தை ஏதென்ஸ் பிடித்ததும் ஹெலட்டுகள் தப்பி அங்கே ஓடினார்கள். கி.மு. 413-இல் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் டெசிலியாவில் ஸ்பார்ட்டா கோட்டை போட்டதும் ஏதென்ஸின் அடிமைகள் 20,000 பேருக்கு மேல் ஓடிவிட்டார்கள்.