எடையும் போகும், நெஞ்செரிச்சலும் போகும் என்கிறார்களே?

கேள்வி: வயது 42, உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. இரண்டு வருடமாக நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை வருகிறது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பித்துவிடுகிறது. 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை செய்தால் இரண்டும் சரியாகும் என்று ஒரு எடைக்குறைப்பு மையத்தில் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில், முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

எடைக்கும் எரிச்சலுக்கும் தொடர்பு உண்டு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. தொப்பைக் கொழுப்பு இரைப்பையை அழுத்த அழுத்த, அந்த வளையம் வேண்டாத நேரத்தில் தளர்ந்து அமிலத்தை மேலே விடுகிறது. மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும். அழுத்தம் அப்படியேதான் இருக்கும். மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க ஆகும் நேரம்கூட ஆகாது, இடுப்பை ஒரு டேப்பால் அளக்க. யார் அளக்கிறார்கள்?

நார்வேயில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், உடல் நிறை குறியீட்டெண்ணை (BMI: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 3.5-க்கு மேல் குறைத்தவர்கள் பலருக்குத் தொல்லை நீங்கியது. உங்கள் உயரத்துக்கு அது சுமார் 10 கிலோ. அதற்குக் கத்தி தேவையில்லை.

இனி ஸ்லீவ். இதில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக்குகிறார்கள். எடை குறையும், உண்மைதான். ஆனால் குழாய்க்குள் அழுத்தம் கூடும். பலருக்கு எரிச்சல் அதிகமாகிறது, இதுவரை இல்லாதவருக்குப் புதிதாகவும் வருகிறது. அமிலத் தொல்லை இருப்பவருக்கு அறுவை சிகிச்சையே வேண்டியிருந்தால், பொதுவாக இரைப்பை 'பைபாஸ்' முறைதான் (இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது; இதய பைபாஸ் அல்ல) பொருத்தம். ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர் இதைச் சொல்லமாட்டார். கத்தி பிடிக்கும் மருத்துவரிடமே நேரில் கேளுங்கள். எண்டோஸ்கோபி பார்க்காமல் தேதி குறித்தால் எழுந்து வந்துவிடுங்கள். எடை குறைக்கும் ஊசியும் சிலருக்கு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி எரிச்சலைக் கிளப்பும்.

அதுவரை, இரவு உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள். தலைப்பக்கக் கட்டில் கால்களை உயர்த்தி, இடப்பக்கம் திரும்பிப் படுங்கள். இடுப்பை இறுக்கும் பெல்ட் வேண்டாம். ஒமெப்ரசோல் வகை மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது.

விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, முயலாமலே எடை இறங்கினாலோ இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு உடனே குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள்.